லைட்டு பத்தலன்னு சொன்னியே, தம்பி

தம்பி, நேற்று நீ போனில் கேட்ட சந்தேகத்துக்கு நான் பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியைப் போனிலேயே சொல்லியிருந்தால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னைப் போல ஸ்டுடியோ வைத்திருக்கிற பிள்ளைகளும், கல்யாண வயதில் பெண்ணை வைத்திருக்கிறவர்களும் படித்தால் படிக்கட்டும் என்று எதையும் ஒளிக்காமலே எழுதுகிறேன். உன் அக்காவிடம் கேட்டுக்கொண்டேன். "தாராளமா எழுதுங்க. என் கலரை மட்டும் மாத்தாம எழுதுங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்புதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்துபோன நாளிலிருந்து நீ திருச்சுழிப் பக்கம் வரவில்லை. நீ இருக்கிற அருப்புக்கோட்டையிலிருந்து நம் வீட்டுக்கு ஒரு பஸ்ஸு ஏறினால் போதும். போனும் செய்யவில்லை. நேற்று உன் பெயர் போனில் தெரிந்ததும், அக்காவைப் பற்றிப் பேசத்தான் கூப்பிடுகிறாய் என்று அடுப்பை அணைத்துவிட்டு வந்து எடுத்தேன். நீ கேட்டது இதுதான்: "அம்மா, ஒரு பிசிக்ஸ் சந்தேகம். இருநூறு போதுமா, நானூறு வேணுமா, இல்ல அறுநூறுக்கே போயிரலாமா?"

"எதுடா?"

"ஸ்டுடியோ லைட்டும்மா. புதுக் கடைக்கு. வாட்-செகண்டு."

"அது என்ன வாட்-செகண்டு? ஜூல்னு சொல்ல வேண்டியதுதானே."

"மதுரையில கடைக்காரர்ட்ட போயி, 'அண்ணே, எத்தனை ஜூலு'ன்னு கேட்டா, கூழா? பக்கத்துக் கடையில கேளுங்கன்னுவாரு."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அத்தனை வருடம் ஜூல் என்பதைச் சொல்லிக்கொடுத்த எனக்கு, அது ஒரு முகத்தின் மேல் விழுந்து படமாகிற பொருள் என்று அதுவரை தோன்றியதே இல்லை. சந்தோஷமாகத்தான் பேச ஆரம்பித்தேன். பேச்சோடு பேச்சாக, "அக்கா பக்கத்துலதான் இருக்கா, குடுக்கட்டுமா?" என்றேன். "இல்லம்மா, ஆளு வந்துட்டாக, பிறகு பேசுறேன்" என்று வைத்துவிட்டாய். அக்கா போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்க் கொடியில் கிடந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

முதலில் உன் சந்தேகத்தை முடித்துவிடுகிறேன். வகுப்பில் நான் டார்ச் லைட்டைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டுவேன். சின்ன வட்டம், பளிச்சென்று விழும். அதே டார்ச்சை இரண்டு மடங்கு தூரத்துக்குப் பின்னால் கொண்டுபோனால் வட்டம் நாலு பங்கு பெரிதாகிவிடும், வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். டார்ச்சில் இருப்பது அதே பேட்டரிதான். உன் லைட்டும் அப்படித்தான். இருநூறுக்குப் பதில் நானூறு வாங்கினால் வெளிச்சம் இரண்டு மடங்கு. ஆனால் ஒரு முகத்தை மட்டும் எடுப்பதற்காக நாலடியில் வைத்திருந்த லைட்டை, ஆளை முழுசாக எடுக்க எட்டடிக்குத் தள்ளினாய் என்றால், நானூறு வாங்கியும் உனக்கு மிச்சம் பழைய வெளிச்சத்தில் பாதிதான். அதற்கு மேல், வெளிச்சத்தை மென்மையாக்க லைட்டுக்கு முன்னால் மாட்டுகிற அந்தத் துணிப்பெட்டி. அதில் உள்ளே ஒரு துணி, வெளியே ஒரு துணி; ஒவ்வொன்றும் ஏறக்குறையப் பாதியை விழுங்கும் என்று நீதான் ஒருநாள் சொன்னாய். இதற்கும் மேல், தாத்தா முதல் கைக்குழந்தை வரை இரண்டு வரிசையாக நிற்கிற குடும்பத்தில் எல்லா முகமும் தெளிவாக விழ வேண்டுமென்றால் லென்ஸின் கண்ணைச் சுருக்க வேண்டும். அங்கேயும் வெளிச்சம் போகும். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வா, இருநூறில் என்ன மிஞ்சுகிறதென்று உனக்கே தெரியும்.

நம் பக்கத்தில் யாரும் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவதில்லை. பட்டுச்சேலையின் கரை தெரிய வேண்டும், கால் கொலுசு வரை விழ வேண்டும், பேரன் பேத்தி எல்லாரும் நிற்க வேண்டும். அதனால் முக்கியமான லைட்டு அறுநூறாக இருக்கட்டும். பின்பக்கத்துக்கும் தலைமுடிக்கும் சின்னது போதும். பெரிய லைட்டை எப்போதும் பாதிக்குக் கீழே வைத்து வேலை வாங்கு. சின்ன லைட்டை முழு மூச்சில் அடித்தால் அடுத்த ஃபிளாஷ் அடிக்க அது தயாராவதற்குள் குழந்தை அழுதுவிடும், பெரியவர் கண்ணை மூடிவிடுவார், சிரித்தவர் சிரிப்பை முடித்துவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டிருப்பார். வாங்கும்போது அது எவ்வளவு கூடும் என்று மட்டும் பார்க்காதே, எவ்வளவு குறையும் என்றும் பார். பெரிய லைட்டு போதுமான அளவு குறையாவிட்டால் சின்ன அறையில் ஒரு பாஸ்போர்ட் படம் எடுக்கக்கூட அது உதவாது. பேட்டரியில் எரிவதாக ஒன்று இருந்தால், வோல்டேஜ் இறங்கி ஏறுகிற ஊர்களில் கல்யாணத்துக்குப் போகும்போது கை கொடுக்கும். பந்தல்குடி ரோட்டில் நீ பிடித்திருக்கிற அறையின் பச்சைச் சுவரை வெள்ளையடித்துவிடு. இல்லாவிட்டால் எத்தனை நல்ல லைட்டு வாங்கினாலும் சுவரின் பச்சை கன்னத்தில் வந்து உட்காரும்.

என் பள்ளிக்கூடத்தில் வருஷக் கடைசியில் குரூப் போட்டோ எடுப்பார்கள். காமிராவின் தலையில் இருக்கிற சின்ன ஃபிளாஷை மட்டும் நம்பி, வேப்பமரத்து நிழலில் ஐந்து வரிசையாக நிறுத்துவார்கள். ஒரு வருடம் படம் வந்ததும் பின் பெஞ்சுப் பையன் ஒருவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சர், என் சட்டை மட்டும் நிக்குது. நான் எங்க போனேன்?" என்றான். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். வெள்ளைச் சட்டை வெளிச்சத்தை எல்லாம் வாங்கிக்கொண்டது. பின் வரிசை முகம் வரை போய்ச் சேர வெளிச்சம் இல்லை. லைட்டு பத்தாமல் போவது என்றால் இதுதான், தம்பி. ஆள் இருட்டில் காணாமல் போவான். லைட்டு பத்தாததால் ஒரு ஆள் இன்னொரு ஆளாக மாறியதை அத்தனை வருஷப் படத்தில் ஒன்றில்கூட நான் பார்த்ததில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்றைக்கு நீ முகூர்த்த வேலைக்குப் போயிருந்தாய். நடந்ததைத் துண்டு துண்டாகத்தான் கேட்டிருப்பாய். அதனால் முழுதாகச் சொல்கிறேன். காரியாபட்டியிலிருந்து மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அத்தை என்று மூன்று பேர் வந்தார்கள். நல்ல மாதிரியான மனிதர்கள், குறை சொல்ல முடியாது. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப நீ எடுத்த போட்டோவில் கட்டியிருந்த அந்த ஊதாப் பட்டையே அக்கா கட்டியிருந்தாள். அந்த வாரம் முழுக்கத் தாலுகா ஆபீஸிலிருந்து நில அளவைக்கு வெயிலில் போய்வந்தவள். காபித் தட்டை அவள்தான் கொண்டுவந்தாள். அத்தை டம்ளரை எடுத்துக்கொண்டு, சிரித்த முகமாக, "நீ பொண்ணுக்கு அக்காவாம்மா? பொண்ணைக் கூப்பிடு தாயி, நல்ல நேரம் போயிரும்ல" என்றார்.

எனக்குக் காதில் விழுந்தது, அர்த்தம் ஏறவில்லை. அக்கா தட்டை நிதானமாகக் கீழே வைத்தாள். "நான்தாங்க பொண்ணு" என்றாள்.

"இல்ல தாயி, போட்டோவுல..." என்று அத்தை போனைக் கையில் எடுத்துவிட்டார். படத்தையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அத்தே, விடுங்க" என்று மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார். அவருடைய அம்மாவுக்கு முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. "தப்பா நினைக்காதீக. போட்டோவுல நல்ல கலரா தெரிஞ்சுது, அதான்" என்றார்.

அப்போது உன் அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? "அது ஸ்டுடியோ லைட்டுங்க. வெளிச்சம் கூடிப்போனா அப்படித்தான் தெரியும். என் தம்பிதான் எடுத்தான், நல்லா எடுப்பான்" என்றாள். அந்த நேரத்தில், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவளுக்கு உன் தொழில்தான் நினைவுக்கு வந்திருக்கிறது. அவர்கள் காபியை முழுதாகக் குடித்துவிட்டு, "ஊருக்குப் போயி சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பினார்கள். இன்றுவரை ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

சாயங்காலம் காமிராப் பையோடு நீ வந்தாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். ஏனென்றால் அதில்தான் என் மனம் மாட்டிக்கொண்டிருக்கிறது. அக்கா படத்தைப் பெரிதாக்கி உன் முன்னால் நீட்டினாள். "ஏலே, இது யாருலே? அவளைக் கூட்டிட்டு வந்து அவுகளுக்குக் கட்டிக் குடு. தேடிக்கிட்டுப் போயிட்டாக."

"லைட்டு பத்தலக்கா. முழுசா எடுக்கத் தள்ளி வச்சேன்ல, இருட்டா விழுந்துச்சு. கம்ப்யூட்டர்ல தூக்குனேன், கொஞ்சம் கூடிப்போச்சு."

"தூக்குனா வெளிச்சம்தானே கூடும்? மூக்கு ஏன்லே மெலியுது?"

நீ என்னைப் பார்த்தாய். பிறகு நீ சொன்னாய்: "எல்லாருக்கும் பண்றதுதான்க்கா. கொஞ்சம் கலர் குடுங்கன்னு கேக்காத வீடே கிடையாது."

"நான் கேட்டனா?"

அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் போனாய். ஒரே படம். லைட்டு கூடிப்போச்சு என்று அவள் சொன்னாள். லைட்டு பத்தல என்று நீ சொன்னாய். அவள் சொன்னதும் உன்னைக் காப்பாற்ற, நீ சொன்னதும் உன்னைக் காப்பாற்ற. இந்தக் கணக்குத்தான் எனக்கு எந்தப் பக்கம் திருப்பினாலும் சரியாக வரமாட்டேன் என்கிறது.

நீ சொன்னதில் பாதி உண்மை, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். சின்ன லைட்டைத் தூரத்தில் வைத்து, ஊதாப் பட்டு, கருத்த முகம் என்று எடுத்தால் இருட்டாகத்தான் விழும். இருட்டில் விழுந்த முகத்தைக் கம்ப்யூட்டரில் இழுத்துத் தூக்கினால் தோல் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும், புள்ளிபுள்ளியாகத் தெரியும். அதைப் பார்க்கச் சகிக்காமல் தோலை மெழுகுவாய். மெழுகிய பிறகு கொஞ்சம் சிவப்பைச் சேர்ப்பாய். கை அந்த வழியிலேயே இழுத்துக்கொண்டு போயிருக்கும். அதனால்தான் பெரிய லைட்டு வாங்கு என்கிறேன். முகம் காமிராவிலேயே சரியாக விழுந்துவிட்டால் கை வைப்பதற்கு அங்கே வேலையே இருக்காது.

ஆனால் மற்ற பாதி லைட்டில் இல்லை, தம்பி. அது அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. கலர் என்றால் நிறம் என்று புத்தகத்தில் இருக்கிறது. எல்லா நிறமும் கலர்தான். நம் ஊரில் மட்டும் கலர் என்றால் வெளுப்பு. "பொண்ணு கலரா இருக்கா" என்றால் வெளுப்பாக இருக்கிறாள். "கலர் கம்மி" என்றால் கருப்பு. ஏதோ கருப்பு என்பது ஒரு நிறமே இல்லை, நிறம் தீர்ந்துபோன இடம் என்பதுபோல. "கலர் குடுங்க தம்பி" என்று உன் கடைக்கு வருகிறவர்கள் கேட்கும்போது, அவர்கள் உன்னிடம் கேட்பது இன்னொரு பெண்ணை. நீயும் கொடுத்து அனுப்புகிறாய். அந்தப் பெண்ணைத் தேடிக்கொண்டு ஒரு வீட்டுக்கு நாலு பேர் வருகிறார்கள். "பொண்ணைக் கூப்பிடுங்க" என்கிறார்கள். அருப்புக்கோட்டையைச் சுற்றி எத்தனை வீட்டில் ஒரு பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டு "நான்தான்" என்று சொல்லிக்கொண்டு நிற்கிறாளோ தெரியாது. இதை நினைத்தால் எனக்குப் புரண்டு படுத்தாலும் தூக்கம் வருவதில்லை.

உன்னை மட்டும் சொல்ல மாட்டேன். அந்தப் படத்தை நீ அனுப்பியபோதே, நீ அதில் கை வைத்திருப்பது எனக்கும் தெரிந்தது. பெற்றவளுக்குத் தெரியாதா? "நல்லா வந்திருக்கு" என்று உனக்குப் பதில் போட்டுவிட்டுத் தரகருக்கு அனுப்பியது நான்தான். முதலில் வீட்டுக்கு வரட்டும், வந்து பேசிப் பழகினால் பிடித்துவிடும் என்று நினைத்தேன். அக்காவுக்கும் இதைச் சொல்லிவிட்டேன். "தெரியும்மா" என்றாள்.

உன் விசிட்டிங் கார்டு என் முன்னால் இருக்கிறது. காமிராவோடு நீ நிற்கிறாய். உன் நிறமும் அவள் நிறமும் ஒன்றுதான். இரண்டு பேருக்கும் உங்கள் அப்பாவின் நிறம். அவுக இருந்தவரை அதை ஒரு குறையாக யாரும் இந்த வீட்டில் பேசியதில்லை. கார்டில் உன் முகத்தை நீ தொடவே இல்லை. அப்படியே, நல்ல கம்பீரமாக இருக்கிறது. நீ படிக்கிற காலத்தில் மொட்டைமாடிக் கதவோரமாக அக்காவை நிற்க வைத்து, ஒரு பக்கம் தெர்மாக்கோல் அட்டையைப் பிடிக்கச் சொல்லிப் போனில் எடுத்துப் பழகுவாய். "கை வலிக்குதுலே" என்று அவள் திட்டிக்கொண்டே பிடிப்பாள். அந்தப் படங்களில் அவள் முகம் அவள் முகமாகவே இருக்கும். லைட்டே இல்லாத நாளில் உனக்கு அது தெரிந்திருக்கிறது.

கரிசல் காட்டை உச்சி வெயிலில் பார்த்தால் ஒன்றுமே இல்லை, தட்டையாகக் கிடக்கும். அதையே காலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் உழவுச்சால் ஒவ்வொன்றின் விளிம்பும் மின்னும். கருத்த முகமும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். நேர் எதிரே நின்று வெளிச்சத்தைக் கொட்டினால் போதாது. பக்கவாட்டிலிருந்து, அகலமாக, மென்மையாக வர வேண்டும். நெற்றியிலும் கன்னத்து மேட்டிலும் அந்த மினுமினுப்பு விழ வேண்டும். அகலமான துணிப்பெட்டி வெளிச்சத்தைத் தின்னும், தூரம் தின்னும். எல்லாம் தின்று மிஞ்ச வேண்டுமென்றால் சக்தி வேண்டும். இருநூறா அறுநூறா என்று நீ கேட்டதற்கு என் முழுப் பதில் இதுதான். நம் ஊர் முகங்களுக்காக அறுநூறு வாங்கு. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்கு. அதற்கப்புறம் லைட்டு பத்தல என்று யாரிடமும் சொல்ல முடியாது. கலர் குடுங்க என்று கேட்கிற தாயிடம் என்ன சொல்லப்போகிறாய் என்பதை இப்போதே யோசித்துக்கொள். கடையை நம்பி இருக்கிறவனுக்கு அது லேசான காரியம் இல்லை. எனக்கும் அதற்குச் சுலபமான பதில் தெரியவில்லை.

அக்கா வழக்கம்போல வேலைக்குப் போகிறாள், வருகிறாள். இட்லி சாப்பிடும்போது ஒருநாள், "நான் ஒரு நிலத்தை இப்படி அளந்து குடுத்தா என்னைய சஸ்பெண்டு பண்ணிருவாக" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். ஆனால் முன்பெல்லாம் கண்ணாடி முன் நின்று பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தலை சீவுவாள். இப்போது அறைக்குள்ளே நின்று, கண்ணாடி பார்க்காமல் சீவிக்கொண்டு வண்டியை எடுக்கிறாள். தரகர் வேறு படம் கேட்கிறார். "படம் வேணாம், வர்றவுக நேர்ல வரட்டும்" என்கிறாள். அவளுக்குக் கல்யாணம் தள்ளிப்போவது எனக்குக் கவலைதான். அதைவிடப் பெரிய கவலை, அவளை யார் பார்த்தாலும் பொறுத்துக்கொள்வாள், நீ அவளை எப்படிப் பார்க்கிறாய் என்பதை மட்டும் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை என்பதுதான். அவளை வெளுப்பாக்கியது ஊர் என்றால் அவள் தூசியைத் தட்டுவதுபோல் தட்டியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை மதுரைக்கு லைட்டு எடுக்கப் போவதாகச் சொன்னாய். கடையில் அவர்கள் ஒரு வெள்ளைப் பொம்மை முகத்தை வைத்து லைட்டைப் போட்டுக் காட்டுவார்கள். எந்த லைட்டும் அதில் நன்றாகத்தான் தெரியும். அதை நம்பி வாங்காதே. உன் கடைக்கு வரப்போகிற முகத்தை அந்த லைட்டுக்கு முன்னால் உட்கார வைத்து, கடையிலேயே எடுத்து, கை வைக்காமல் அப்படியே பார்த்து வாங்கு. அதற்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு போ.

இதை எழுதுவதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். "வெள்ளிக்கிழமை எனக்கு பீல்டு வேலை இருக்கு" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "சனிக்கிழமைன்னா லீவுதான்" என்றாள். வருவேன் என்று சொல்லவில்லை. நான் அதற்கு மேல் கேட்கவும் இல்லை. அது நான் கேட்க வேண்டியது இல்லை.

பயணத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள். போனில் வேண்டாம், பஸ்ஸு ஏறி வீட்டுக்கு வந்து, அவள் எதிரில் உட்கார்ந்து கேள். கேட்கும்போது லைட்டிலிருந்து ஆரம்பிக்காதே.

அம்மா